பச்சை ஹெட்செட்டுக்கு ஒரு புதுக் காது

என் கணவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை என்று கல்யாணமான புதிதில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதறிப்போய், "கோவக்காரரா?" என்று கேட்டார். கோபமே வராத மனிதர். சத்தம் மட்டும்தான். சின்ன விமானங்கள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. நாள் முழுக்க இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிப் பேசி, அவருடைய சாதாரணக் குரலே இன்ஜினுக்கு மேல் ஒரு படி ஏறிவிட்டது.

திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவருடைய பயிற்சிப் பள்ளி வெளியூரில், பஸ்ஸில் நான்கு மணி நேரப் பயணம். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். தொண்ணூறுகளின் பிற்பகுதி முழுக்க எங்கள் குடும்பம் வார இறுதிகளில்தான் நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டீச்சர், வந்துட்டேன்" என்பார். அது மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் சொன்னதாகிவிடும். "வாங்க சார், இந்த வாரம் பஸ்ஸு சீக்கிரம் வந்துருச்சு போல" என்று மேலிருந்தே பதில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது, அவர் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார். ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். "டீச்சர், இன்னைக்கு மட்டன் எடுக்கவா, கோழி எடுக்கவா?" முன்னால் மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்ற சாமியார் அவர் கையைப் பிடித்து, "கடைசியில என்ன முடிவு பண்ணுனீங்க?" என்றார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "மட்டன்தான் ஃபாதர்" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் மகளுக்குப் பேச்சு வந்த பிறகு மாறியது. அவளுக்கு என்னைப் போல அடங்கிய குரல். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது, மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தாள். அப்பாவிடம் சொல்ல சனிக்கிழமை வரை காத்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும் மடியில் ஏறி, காதோரம் கையைக் குவித்து வைத்துக்கொண்டு சொன்னாள். "என்னது சாமி? சத்தமா சொல்லு" என்றார். இன்னொரு முறை சொன்னாள். அவர் மற்ற காதைத் திருப்பினார். அதற்கும் ஒரு முறை சொன்னாள். அப்புறம் மடியிலிருந்து இறங்கி அடுப்படிக்கு வந்து, "நீயே அப்பாட்ட சொல்லிரும்மா" என்றாள். அவளுக்கு வருத்தம்கூட இல்லை. அப்பாவிடம் அப்படித்தான் பேச வேண்டும் போல என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருடம் அவருடைய லைசென்ஸுக்கான உடல் பரிசோதனையில் காது டாக்டரும் எச்சரித்து அனுப்பினார். தேறிவிட்டார், ஆனால் இதே வேகத்தில் கேட்கும் திறன் குறைந்துகொண்டு போனால் சில வருடத்தில் விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொன்னாராம். யாரோ மூன்றாம் மனிதரின் விஷயத்தைச் சொல்வது போல இவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு, "சோத்துக்கு வெஞ்சனம் என்ன?" என்று கேட்டார்.

குற்றவாளி என்று பார்த்தால் அந்தப் பச்சை ஹெட்செட்தான். அவர் மாணவராக இருந்தபோதே, கற்றுக்கொடுத்தவர் வேலையை விட்டுப் போகும்போது அவரிடமிருந்து வாங்கியது. தேங்காய்மூடி போல இரண்டு பச்சைக் கிண்ணங்கள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கம்பி வளைவு, வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் மைக். தலை வலிக்காமல் இருக்க வளைவின் மேல் பழைய ஸ்வெட்டர் துண்டைச் சுற்றித் தைத்திருந்தார். அதை வைத்துக்கொள்ள நான் ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்திருந்தேன். கீச்சென்ற சத்தங்களையெல்லாம் அந்தக் கிண்ணம் தடுத்துவிடும். இன்ஜினின் அடித்தொண்டை உறுமல் மட்டும் கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அந்த உறுமலோடுதான் அவர் தினமும் ஐந்தாறு மணி நேரம் இருந்தார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பியிடம் போனில் புலம்பினேன். இரைச்சலை எதிர்த்து இரைச்சலையே உண்டாக்கி அடக்கும் ஹெட்செட் வந்திருப்பதாக அவன்தான் சொன்னான். புதிதாக வாங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பழைய ஹெட்செட்டுக்குள் பொருத்திக்கொள்கிற மாதிரி பாகங்களைத் தனியாக விற்கிறார்கள் என்றான். ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தும் அனுப்பிவிட்டான். அரைக் கிலோ ஸ்வீட் பெட்டி அளவில் ஒரு அட்டைப் பெட்டி. நான் சனிக்கிழமை வரை அதைத் திறக்கவில்லை.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"என் ஹெட்செட்டோட கொடல உருவப் போறீங்க, அக்காளும் தம்பியும்."

"உருவி வேற வைக்கப் போறோம்."

"இதப் போட்டுத்தான் டீச்சர் நான் முதமுத தனியாப் பறந்தேன்."

"ஹெட்செட்டு உங்ககிட்டயேதான் இருக்கப் போகுது. காதும் கூட இருக்கட்டுமேன்னுதான் சொல்றேன்."

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அவரே துணிப்பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொல்லி ஒரு சால்டரிங் இரும்பு வாங்கி வந்திருந்தேன். அவர் திருகாணிகளைக் கழற்றினார், நான் பற்றவைத்தேன். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு குட்டி மைக் போக வேண்டும். அது காதருகே வரும் உறுமலைக் கேட்கும். கூடவே இருக்கும் சின்ன சர்க்யூட், அந்த உறுமலுக்கு நேரெதிரான ஒன்றை உண்டாக்கி ஸ்பீக்கரில் விடும். இன்ஜின் காற்றைத் தள்ளும்போது இது இழுக்கும், அது இழுக்கும்போது இது தள்ளும். வருடா வருடம் கரும்பலகையில் ஏறி இறங்கும் இரண்டு அலைகளை வரைந்து இதைப் பாடமாக நடத்துவேன். "சத்தமும் சத்தமும் சேந்தா எப்படி டீச்சர் சத்தமில்லாம போகும்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி உட்கார வைப்பேன். என் காதால் நானும் அதைக் கேட்டதில்லை.

நடுவில் கரண்ட் போய்விட்டது. பாதி பற்றவைத்த ஒயரை அவர் விரலால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்து, வேலை முடிந்து, பேட்டரிகளைப் போட்டு அவர் தலையில் மாட்டி ஸ்விட்சைத் தட்டினேன். ஊ என்று ஒரு ஊளை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அவர் பிடுங்கி எறிவது போலக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுக்கு இன்ஜினே தேவலயே."

ஊளை வலது கிண்ணத்திலிருந்து மட்டும் வந்தது. திறந்து பார்த்தால் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி வைத்திருந்தோம். எதிராகத் தள்ள வேண்டியது கூடச் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தது. மாற்றிப் பற்றவைத்ததும் ஊளை நின்றது. சந்தோஷத்தில், சோதித்துப் பார்க்கலாம் என்று மிக்ஸியில் ஒரு கை பொட்டுக்கடலையைப் போட்டு ஓட்டினேன். அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

"ஒரு வித்தியாசமும் இல்ல டீச்சர். உன் தம்பிக்கு வேலயில்ல."

"மிக்ஸி சத்தம் வேற ஜாதிங்க. கீச்சுன்னு இருக்கும். இதுக்கு உறுமுற சத்தம் வேணும்."

"உறுமுறதுக்கு எங்க போறது?"

யோசித்துப் பார்த்தபோது இருவருக்கும் ஒன்றாகத் தோன்றியது பஸ்தான். எனக்குச் சின்னாளப்பட்டியில் ஒரு சுங்குடிப் புடவை வாங்க வேண்டியும் இருந்தது. மகளை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, துணிப்பையோடு போய் டவுன் பஸ்ஸில் ஏறினோம். அந்தக் காலத்து பஸ்களில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் இருக்கும். அதையொட்டி உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள், சூடு காலைச் சுடும், சத்தம் காதை அடைக்கும். நாங்கள் போய் அங்கேயே உட்கார்ந்தோம்.

பேகம்பூர் தாண்டி பஸ் வேகம் எடுத்ததும் ஹெட்செட்டை எடுத்து மாட்டினார். டிரைவர் ஒரு பார்வை பார்த்தார். பின்னால் இரண்டு பேர் எழுந்தே பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கியது. அவர் ஸ்விட்சைத் தட்டினார்.

அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. முதலில் புருவம் ஏறியது. அப்புறம் தோள் இரண்டும் கீழே இறங்கின. அத்தனை வருடமாக அவர் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அது இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அணைத்தார், போட்டார். பிறகு கழற்றி என் தலையில் வைத்தார்.

இன்ஜின் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது போல இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்கும் குரல் வந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடப்பது வந்தது. உறுமல் மட்டும் இல்லை. கரும்பலகையில் நான் வரைந்த அலைகள் காற்றில் இப்படித்தான் கரையும் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

"என்ன சார், பாட்டா?" என்று டிரைவர் கேட்டார்.

"பாட்டு இல்லண்ணே. உங்க இன்ஜின் சத்தத்த நிறுத்துற மிஷினு."

சின்னாளப்பட்டி நிறுத்தத்தில் டிரைவர் சும்மா இருக்கவில்லை, கையை நீட்டினார். பஸ் நின்றபடி உறுமிக்கொண்டிருக்க, அவர் மாட்டிப் பார்த்தார். "ஏ அப்பா, வண்டி ஆஃப் ஆயிருச்சா?" என்று ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். கண்டக்டர் பின்னாலிருந்து விசிலை ஊதித் தள்ளினார். "இருய்யா, செத்த நேரம்" என்று டிரைவர் இன்னொரு மிதி மிதித்த பிறகே ஹெட்செட் எங்கள் கைக்கு வந்தது. அன்று புடவைக் கடையில் எனக்குப் பிடித்த நிறத்தை அவரே எடுத்துக் காட்டினார். அதுவரை அவர் கடைக்குள் வந்ததே கிடையாது, வாசலில்தான் நிற்பார்.

திங்கட்கிழமை அவர் பள்ளியின் தலைமை இன்ஜினியர் தரையிலேயே வைத்து ரேடியோ, மைக் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பறக்க விட்டாராம். அன்று சாயங்காலம் இவர் போன் செய்தார்.

"ஏங்க, சத்தமா பேசுங்க. ஒண்ணும் கேக்கல."

"சத்தமாத்தான பேசுறேன்?" என்றார். இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. ஆனாலும் நான் மறுபடி சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

போன காது திரும்ப வரவில்லை. டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், எங்களுக்கும் அந்த ஆசை இல்லை. ஆனால் அதற்கு மேல் குறையவும் இல்லை. அடுத்தடுத்த பரிசோதனைகளில் டாக்டர் காது பரிசோதனைத் தாளில் இருந்த கோட்டைக் காட்டி, அப்படியே நிற்கிறது என்றார். அவர் தொடர்ந்து பறந்தார். வாராவாரம் வீட்டுக்கு வந்ததும் அவர் காதுக்குள் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் நின்றுவிட்டது. மகள் பேசும்போது அவளைச் சத்தமாகச் சொல்லச் சொல்வதை விட்டுவிட்டு, அவளுக்கு நேரே குத்த வைத்து உட்கார்ந்து வாயைப் பார்த்துக் கேட்கப் பழகினார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஓரிரு வருடம் கழித்து, குடும்பத்தை ஒரு முறை ஏற்றிப்போக அவர் பள்ளியில் அனுமதி கிடைத்தது. நாலு பேர் உட்காரும் விமானம். மகள் பின் இருக்கையில், நான் அவர் பக்கத்தில். பச்சை ஹெட்செட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, பள்ளியில் கிடந்த ஒன்றை அவர் மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் பறந்தோம். நிலக்கோட்டைப் பக்கத்துப் பூத்தோட்டங்கள், வற்றிக் கிடந்த கண்மாய்கள், வயல் நடுவில் யாரோ விட்டுவிட்டுப் போன அம்மிக்கல் மாதிரி எங்கள் மலைக்கோட்டை. எல்லாம் அமைதியாகக் கீழே போய்க்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில் எனக்கு என்ன தோன்றியதோ, ஸ்விட்சை அணைத்தேன்.

உறுமல் வந்து மேலே விழுந்தது. காதில் மட்டும் இல்லை, பல்லில், நெஞ்செலும்பில். என் முகம் சுருங்கியதைப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் கையை நீட்டினார். வேண்டாம் என்று கை காட்டினேன். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சந்திப்பதற்கு முன்னாலிருந்து, மகள் பிறந்த பின்னும், இதற்குள் உட்கார்ந்துதான் அவர் சம்பாதித்திருக்கிறார். இதற்குள்ளிருந்து எழுந்து வந்துதான் சனிக்கிழமைகளில் சிரித்த முகமாக இருந்திருக்கிறார். பிறகு ஸ்விட்சைப் போட்டேன்.

"இனிமே சனிக்கிழம வந்ததும் செத்த நேரம் படுத்து எந்திரிங்க. மார்க்கெட்டுக்கு நானே போயிக்கிறேன்."

"ஏன் திடீர்னு?"

"சும்மாதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இறங்கும் நேரம் நெருங்கிவிட்டதால் ரேடியோவில் பேச ஆரம்பித்தார். குறுக்கே பேசக் கூடாது என்று ஏறும்போதே சொல்லியிருந்தார். நான் பேசாமல் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.