ஏழாம் எண் குப்பி

விரல் நீளக் கண்ணாடிக் குப்பி அது. மேலே சிவப்புப் பெயின்டில் ஏழு என்று போட்டிருக்கும். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். தெரிந்தே தப்பு செய்தேன்.

எண்பதுகளில் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே கறிக்கடை வைத்திருந்தேன். வேடசந்தூர் மில் பஸ் போகிற நேரத்தில் கடை திறப்பேன். அந்த பஸ் டிரைவருக்கு என் கடை ஈரல் என்றால் உயிர். அவர் கதை தனி. அந்த நேரத்துக்குத்தான் ஆராய்ச்சி செய்கிற டீச்சரம்மா ஐஸ் பெட்டியோடு வருவார். மூளை, ஈரல், கிட்னி, நுரையீரல், நாங்கள் சுவரொட்டி என்கிற மண்ணீரல் என்று ஐந்துக்கும் ஐந்து குப்பி. ஐந்திலும் ஒரே எண், அது எத்தனையாவது ஆடு என்பதற்கு. ஒருவகைக் கொழுப்பு எந்த உறுப்பில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பாராம். மாடு, பன்றி, முயல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடத்துக்கு அலைவார்.

"அண்ணே, அஞ்சும் ஒரே ஆட்டோடதா இருக்கணும். வயசு மாறுனாலும் அளவு மாறிரும்."

"அப்படியே ஏங் கொழுப்பையும் அளந்து சொல்லு தாயி. வீட்டுல தெனம் கேக்குறா" என்பேன். சிரிப்பார்.

ஏழாவது ஆடு கிழட்டுக் கிடா. தலையை முதலில் சொல்லி வைத்தவருக்குத்தான் கொடுப்போம். அது தொழில் வழக்கம். அன்று டீச்சரம்மா ஐஸ் வாங்கப் போன நேரத்தில், சொல்லி வைத்த ஆள் வந்து தலையை வாங்கிப் போய்விட்டார். வெறும் குப்பியை நீட்ட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் ஓர் இளங்குட்டியின் தலை கிடந்தது. மூளை மூளைதானே என்று உடைத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டியில்லாமல் வந்தார்.

"கெடா மூளைக் கணக்கு மட்டும் ஒதைக்குதுண்ணே. நாலு தடவ அளந்துட்டேன். என் கை சரியில்லயாம். இனி மெஷினத் தொடக்கூடாதுன்னுட்டாரு எங்க ஆராய்ச்சி சார்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மற்ற ஆறு ஆட்டையும் சந்தேகப்படுவாரே என்று வாய் எழவில்லை. "டீ குடிக்கிறியா தாயி?" என்று கேட்டேன்.

"வேணாண்ணே." கழுவிய ஏழாம் எண் குப்பியை என் கையில் வைத்தார். "மெளகாப்பொடி போட்டுக்கங்க."

ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம். நான் ஏறவில்லை.

இப்போது கடை மகன் கையில். நேற்று ஒருவருக்கு பிரிட்ஜிலிருந்து மூளை எடுத்துக் கொடுத்தான்.

"எந்த ஆட்டோடதுடா?" என்றேன்.

"எதா இருந்தா என்னப்பா? மூளைதானே?"

கல்லாவுக்கு மேலே குப்பி இருக்கிறது. அதில் இன்றுவரை நான் மிளகாய்ப்பொடி போடவில்லை.