பதினேழாம் துண்டு

கெதியாத் தேடிக் குடுக்கிற தொழிலில ஒரு கரைச்சல் இருக்கு: பதில் கெதியா வந்தால் கேட்டவரும் அது சரியெண்டு நம்பிப்போடுவார், குடுத்தவளும் நம்பிப்போடுவாள்.

நான் யாழ்ப்பாணத்துக்கு அங்கால ஒரு தீவில, மடத்துவெளியில, அப்பாவின்ர வீட்டு முன்னறையில, ஒரு சேர்வர் வைச்சிருக்கிறன். கொழும்பில ஒரு ஆய்வு நிறுவனத்தில கன வருசம் இதே வேலைதான் பார்த்தனான். அப்பா கிணத்தடியில விழுந்து இடுப்பை முறிச்ச பிறகு ஊருக்கு வந்திட்டன். மெசினுக்கும் சோலாருக்கும் கனடாவில இருக்கிற மச்சான் உதவி செய்தவன். என்ன வேலை எண்டு ஆரும் கேட்டால் இப்பிடித்தான் சொல்லுவன். உயிருள்ள எதுக்குள்ளயும், அது ஆடாகட்டும் அறுகம்புல்லாகட்டும் கிருமியாகட்டும், நாலே நாலு எழுத்தால எழுதின நீளமான வரியள் கிடக்கு. ஆய்வுகூடத்தில அந்த வரியை வாசிச்சு எனக்கு அனுப்புவினம். என்ர மெசின் அதை, உலகத்தில இதுவரை வாசிச்சு வைச்ச வரியளோட ஒத்துப் பார்த்து, எதோட பொருந்துது எண்டு சில செக்கனில சொல்லும். வெளிநாட்டில பெரிய சேவையள் இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா அங்க வரிசையில நிக்க வேணும், இஞ்ச நிக்கத் தேவையில்லை. அதுதான் என்ர பெருமையா இருந்தது.

மற்றவையின்ர கேள்விக்காக ஒரு மெசினைக் காவல் காக்கிறவை உங்களில கனபேர் இருப்பியள். உங்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நல்லா ஓடினால் ஒருத்தரும் நினையாயினம், நிண்டால் ஊரே கூப்பிடும். அப்பிடிச் சிரிக்கக்கூடிய சிலதை முதலில சொல்லுறன். பேந்து, பக்கத்து ஒழுங்கைப் பரமேசு அக்காவின்ர ஆடுகளைப் பற்றிச் சொல்ல வேணும். உண்மையில அதுக்காகத்தான் எழுதவே இருந்தனான்.

பஸ்ஸில வந்த உலகம்

எங்கட இன்ரநெற் லைனில அந்த வரியளின்ர முழுத் தரவையும் இறக்கிறதெண்டால் மாதக் கணக்காகும். அதால ஆறு மாதத்துக்கு ஒருக்கா யாழ்ப்பாணத்தில ஒரு சிநேகிதி வேலை செய்யிற கந்தோரில இறக்கி, டிஸ்க்கில போட்டு, துவாயால சுத்தி, குறிகட்டுவான் பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு வருவன். பெரிசெண்டதால அந்தத் தரவை மொத்தம் இருபத்திரண்டு துண்டாப் பிரிச்சு வைச்சிருக்கு. கடலுக்கு நடுவால போற தாம்போதி றோட்டில பஸ் துள்ளேக்க என்ர நெஞ்சும் சேர்ந்து துள்ளும்.

போன முறை கொண்டக்டர் கண்டிட்டார். "குழந்தைப்பிள்ளை மாதிரிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள், என்ன சாமான் அக்கா?" எண்டு கேட்டார். உலகத்தில உள்ள உயிருகளின்ர எழுத்தெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு எண்டு சொன்னன். மனுசன் ரிக்கெற் மெசினைத் திரும்பவும் கையில எடுத்தார். "அப்ப உங்களுக்கு மட்டும் ரிக்கெற் வெட்டினது பிழை அக்கா, மற்றதுகளுக்கு அரை ரிக்கெற்றாவது எடுங்கோ."

எண்ணிக்கை

அண்டைக்குப் பின்னேரம் டிஸ்க்கில இருந்து மெசினுக்கு மாத்திக்கொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது. மழைக்காலம், சோலார் பற்றரியும் இறங்கிக் கிடந்தது. அந்த நேரம்தான் பரமேசு அக்கா அப்பாவுக்கு ஆட்டுப்பால் கொண்டு வந்தவா. கரண்ட் திரும்பி வரும்வரைக்கும் கதிரையில இருந்து என்னோட கதைச்சுக்கொண்டிருந்தா. கரண்ட் வந்தது, மிச்சத் துண்டுகளை மாத்தினன், முடிஞ்சது. மெசினில துண்டுகளின்ர பெயருகளை எண்ணிப் பார்த்தன். இருபத்திரண்டு.

"எல்லாம் வந்திட்டுதோ?" எண்டு அக்கா கேட்டா. வந்திட்டுது, நீங்கள் அந்திப்பட ஆட்டை எண்ணுற மாதிரி நானும் எண்ணிப்போட்டன் எண்டு பகிடியாச் சொன்னன். அவா சிரிக்கேல்லை. "நான் எண்ணுறேல்லைப் பிள்ளை, ஒவ்வொண்டாத் தொட்டுப் பாப்பன். எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும், தொட்டுப் பாத்தால் அடுத்த வீட்டு ஆடு நிக்கும்."

அமத்தினபடியே

ஒரு நாள் காலமை எழும்பிப் பார்க்கிறன், மெசின் மூச்சு விட ஏலாமல் திணறுது. ஒரே ஆள், ஒரே கேள்வி, முந்நூறு தரத்துக்கு மேல. நாசமாப் போன வேலை எண்டு ஏசிக்கொண்டு ஆளைத் தேடினால் அவர் ஒரு பெரிய விரிவுரையாளர், ஓய்வுபெறுற வயது. போன் எடுத்து, மரியாதையாத்தான், ஐயா ஒருக்கா அமத்தினால் காணும், அது வரிசையில நிண்டு வரும் எண்டு சொன்னன்.

மனுசன் கொஞ்சமும் கூச்சப்படேல்லை. "தங்கச்சி, கம்பஸில லிஃப்ட் பட்டனையும் நான் இப்பிடித்தான் அமத்துறனான், வருகுதுதானே."

சொந்தக்காரர்

நயினாதீவில பூசை செய்யிற ஐயர் ஒருத்தரின்ர மகள், பாம்பின்ர விசத்தைப் பற்றிப் படிக்கிறா. ஒருமுறை அவையின்ர பக்கம் லைன் விழுந்து கிடந்ததால தகப்பனையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து லோஞ்சில வந்து என்ர வீட்டிலயே இருந்து வேலையை முடிச்சா. ஐயர் அப்பாவோட கொஞ்ச நேரம் கதைச்சுப்போட்டு எங்களுக்குப் பின்னால வந்து நிண்டார். "பாம்பின்ர எழுத்தும் எங்கட எழுத்தும் எங்கயாவது ஒக்குமோ? நீர் சொல்லும்" எண்டார்.

விசப்பையில இருக்கிற ஒண்டைப் போட்டுத் தேடிக் காட்டினன். வரி வரியா வந்து விழுந்தது. இது எங்கட எச்சிலில இருக்கிற ஒண்டுக்கு ஒண்டுவிட்ட சகோதரம் மாதிரி ஐயா எண்டு சொன்னன். அவர் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தார். லோஞ்சுக்கு நேரமாச்சுதெண்டு மகள் கூப்பிடேக்க திரும்பிச் சொன்னார். "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் பால் வைச்சது சொந்தத்துக்குத்தான்."

நாலு செக்கன்

இனிச் சிரிப்பில்லை.

பரமேசு அக்காவின்ர புருசன் சண்டைக் காலத்தில காணாமல் போனவர். எப்பிடி எண்டு இந்தத் தீவுகளில ஆருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர் போன பிறகு ஆடு வளர்த்துத்தான் ரண்டு பெட்டையளையும் வளர்த்தவா. மூத்தது கலியாணம் முடிச்சிட்டுது, இளையது ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்குது. பதினொரு ஆடு. அதுதான் அக்காவின்ர சம்பளம், அதுதான் பென்சன்.

டிஸ்க் வந்து ரண்டு மாதத்தால முதலில ஒரு குட்டி படுத்திட்டுது. வாயெல்லாம் புண், கண்ணால தண்ணி. அடுத்த நாள் இன்னொண்டு. மிருக வைத்தியர் வந்து பார்த்தார், இளம் ஆள், நல்ல கெட்டிக்காரர். வழமையான சோதினையில ஒண்டும் பிடிபடேல்லை. யாழ்ப்பாணத்தில ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அவை அந்தக் கிருமியின்ர எழுத்தை வாசிச்சு, தேடச் சொல்லி எங்க அனுப்பினவை? எனக்குத்தான். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ! இவ்வளவு காலமும் ஆரெண்டே தெரியாத சனத்துக்குத் தேடினனான், இண்டைக்கு எங்கட அக்காவின்ர ஆட்டுக்குத் தேடப்போறன் எண்டு அவவைக் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்தினன்.

நாலு செக்கன். "பொருத்தம் எதுவும் இல்லை" எண்டு வந்தது.

வைத்தியருக்குப் போன் எடுத்தன். உலகத்தில இல்லாதது எண்டால் இது புது வருத்தம், புது வருத்தத்துக்குத் தன்னட்டை ஊசி இல்லை, வருத்தம் வந்ததுகளைப் பிரிச்சுக் கட்டிப்போட்டுப் பொறுத்துத்தான் பாக்க வேணும் எண்டார். அக்கா என்ர முகத்தைப் பார்த்தா. "வடிவாத் தேடினதோ பிள்ளை, எல்லா இடமும்?" எண்டு கேட்டா. ஓம் அக்கா, உலகம் முழுக்க எண்டு நான் சொன்னன். அந்த வார்த்தை என்ர வாயாலதான் வந்தது. அவா எழும்பிச் சீலையை உதறிக்கொண்டு வெளிக்கிட்டா. "உலகம் முழுக்கத் தேடி இல்லை எண்டால், நான் ஆரட்டைப் போய்க் கேக்கிறது."

அளவு

பத்து நாளில ஏழு ஆடு செத்துப்போச்சு. ஒவ்வொண்டையும் அக்காவும் இளைய பெட்டையுமா வேலிக்கரையில தாட்டவை. நானும் ஒருக்காப் போய் மண் வெட்டிக் குடுத்தன்.

பதினோராம் நாள் மெசினில இடம் போதாமல், எந்தத் துண்டு எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு பார்த்துக்கொண்டு வந்தன். பதினாறுவரைக்கும் சரி. பதினேழில கண் நிண்டிட்டுது. பெயர் இருக்கு, ஆனா உள்ளுக்குக் கால்வாசிதான் கிடக்கு. அண்டைக்குக் கரண்ட் போகேக்க மாறிக்கொண்டிருந்த துண்டு அது; கரண்ட் வந்த பிறகு நான் அடுத்ததில இருந்துதான் தொடங்கியிருக்கிறன். மிருகங்களுக்கு வாற கிருமியளின்ர வரியள் கிடந்த துண்டும் அதுதான். ஒரு துண்டு பழுதெண்டால் மெசின் கத்த வேணும்தானே, ஏன் கத்தேல்லை எண்டு கேப்பியள். கத்தாதை, சத்தமில்லாமல் தாண்டிப் போ எண்டு அதுக்கு எழுதி வைச்சது நான்தான். சேவை நிக்கக்கூடாது, பதில் பிந்தக்கூடாது எண்டு.

அலுமாரிக்குள்ள இருந்த டிஸ்க்கைத் துவாயில இருந்து எடுத்து, அந்தத் துண்டைத் திரும்ப மாத்தி, அதே கேள்வியைப் போட்டன். நாலு செக்கன். திரை நிறையப் பொருத்தம். தெரிஞ்ச வருத்தம், கன காலமா ஊசி இருக்கிற வருத்தம். வைத்தியருக்குச் சொன்னன். அரை மணித்தியாலத்தில மோட்டச்சைக்கிளில வந்து மிஞ்சின நாலுக்கும் ஊசி போட்டார். படலையடியில என்னைக் கண்டு ஹெல்மெற்றைக் கழட்டினார். கோவமாச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பன். "முதல் நாளே தெரிஞ்சிருந்தால் மிஸ், பதினொண்டில எட்டையாவது காப்பாத்தியிருக்கலாம்."

எந்த லிஸ்ற்

வைத்தியர் அக்காவிட்டை எதையும் விளக்கேல்லை, இப்ப கண்டுபிடிச்சாச்சு எண்டு மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காலமை இளைய பெட்டை ஒரு பை முருங்கைக்காய் கொண்டு வந்து தந்தது. அம்மா தரச் சொன்னவா, நாலு ஆடாவது தப்பினது உங்களாலதானாம் எண்டு சொல்லிச்சுது. அதைக் குசினியில வைச்சிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தன். பேசாமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லுறன், பின்னேரம்வரைக்கும் பேசாமல்தான் இருந்தனான்.

பின்னேரம் போனன். அக்கா கொட்டிலுக்குள்ள நாலு ஆட்டையும் ஒவ்வொண்டாத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிண்டா. முழுவதையும் சொன்னன். கரண்ட் போனது, பெயரை மட்டும் எண்ணினது, பதினேழாம் துண்டு, உலகம் முழுக்கத் தேடினதெண்டு நான் சொன்னது பிழை எண்டது, எல்லாம். என்னை ஏசுங்கோ அக்கா எண்டன்.

அவா கையில இருந்த ஆட்டுத் தீனிக் குழையைக் கட்டிப்போட்டு வந்து என்ர முன்னால நிண்டா. கண் கலங்கியிருந்தது, கோவமும் இருந்தது. "வயிறு எரியுதுதான் பிள்ளை, இல்லை எண்டு சொல்ல மாட்டன். ஏழு ஆடு. ஆனா கேள். அவரைத் தேடி நான் ஏறாத கந்தோர் இல்லை. எல்லா இடத்திலயும் லிஸ்ற்றைப் பாத்திட்டு, இல்லை அம்மா எண்டுதான் சொன்னவை. அது எந்த லிஸ்ற், அதில எத்தினை துண்டு, எதைப் பாக்கேல்லை எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை. இத்தினை வருசத்தில என்ர படலை திறந்து வந்து, நான் முழுக்கத் தேடேல்லை எண்டு சொன்னது நீ ஒருத்திதான்."

இப்ப என்ர சேர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் இருபத்திரண்டு துண்டையும் தொட்டுப் பார்த்து, தேடின இடம் எது, தேடாத இடம் எது எண்டு எழுதி வைச்ச பிறகுதான் "இல்லை" எண்டு சொல்லும். அதுக்கு ரண்டு செக்கன் கூடப் பிடிக்குது எண்டு முறைப்பாடு அனுப்பாத ஆளை நான் இன்னும் காணேல்லை.