கருவாட்டு வாசமடிக்கும் அல்லேலூயா

அல்லேலூயா என்ற சொல் காதில் விழுந்தால் மற்றவர்களுக்குச் சாம்பிராணி வாசம் நினைவுக்கு வரும்போலும். எனக்கு வருவது வெயிலில் காய்கிற நெத்திலியின் வாசம். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான், நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்லச் சொன்னாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தபசு காலத்தை நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருவதால், எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

எனக்கு அப்போது பதினாலு வயதிருக்கும். சாரம் என்ற பகுதியில் குடியிருந்தோம். எங்கள் பங்குக் கோவிலின் இளைஞர் குழுவை நடத்தியவர் லூர்து அண்ணன். பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தவர், நகக்கண்ணில் எண்ணெய்க் கறையோடு நேராகக் கோவிலுக்கு வந்து எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். பெரிய திருநாள்களில் பாடும் உரிமை மட்டும் எப்போதும் பெரியவர்களின் பாடல் குழுவுக்குத்தான். அதற்குத் தலைவர், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்த அந்துவான். எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் "முசியே", அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். லூர்து அண்ணன் விடாமல் கேட்டுக் கேட்டு, அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையைப் பங்குச் சாமியார் எங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

கிடைத்த சந்தோஷத்தில் நாங்கள் செய்த காரியம்தான் வினையாகிப்போனது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் முழுக்க எங்கள் கோவில்களில் அல்லேலூயா பாடுவதில்லை. ஈஸ்டருக்கென்று அந்தச் சொல்லை மூடி வைத்திருப்பது வழக்கம். நாங்களோ ஒரு வெள்ளிக்கிழமை, பெரியவர்கள் சிலுவைப்பாதை ஜெபம் முடித்து முட்டி வலியோடு வெளியே வரும் நேரம் பார்த்து, பக்கத்து ஹாலில் கதவைத் திறந்துபோட்டு அதையே முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தோம். முசியேவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "துக்க வீட்டுல நாயனம் வாசிப்பியாடா?" என்று மட்டும் லூர்து அண்ணனைக் கேட்டுவிட்டு, நேரே சாமியாரிடம் போனார்.

சாமியார் திட்டவில்லை. ஆனால் ஈஸ்டர் வரைக்கும் கோவில் வளாகத்தில் அந்தப் பாட்டுக் கேட்கக் கூடாது என்றும், அன்று காலை நாங்கள் தடுமாறி நின்றால் முசியேவின் குழு எடுத்துப் பாடிவிடும் என்றும், அதற்குப் பிறகு இளைஞர் குழு என்று தனியாக ஒன்று வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எங்களுக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடம், வீடு இரண்டையும் விட்டால் எனக்குப் போக்கிடம் அந்தக் குழு ஒன்றுதான்.

வழி காட்டியது அஞ்சலை அக்கா. கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். வீட்டில் மாரியம்மன் படம் வைத்துக் கும்பிடுபவர். தபசு காலத்தில் நாங்கள் கறி தொடமாட்டோம் என்பதால் அவருக்கு எங்கள் தெருவில் நல்ல வியாபாரம். அம்மா சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே மீனை ஆய்ந்தவர், "எங்க மணலுக்கு வந்து கத்தச் சொல்லு. கடலுக்கு ஏது தபசு?" என்றார்.

அப்புறம் சாயங்காலமெல்லாம் சைக்கிளில் குருசுக்குப்பம்தான். படகுகளுக்கும் காயப்போட்ட நெத்திலிக்கும் நடுவில் அஞ்சலை அக்கா இடம் ஒதுக்கிக் கொடுத்தார், விரட்ட வந்தவர்களை, "எம் புள்ளைங்க பாடுதுங்க, ஒங்களுக்கு எங்க வலிக்குது?" என்று அவரே விரட்டினார். காற்று ஒரு பக்கம், அலை ஒரு பக்கம்; அடித்தொண்டையிலிருந்து பாடினால்தான் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். லூர்து அண்ணன் ஒரு சட்டம் போட்டார்: "அல வந்து பாட்ட முழுங்குனா யாரும் நிக்கக் கூடாது. யாருக்கு அடுத்த வரி வருதோ, அவங்க உட்டுடாம இழுத்துட்டுப் போவணும்."

எனக்கு அந்த இரைச்சல் பெரிய வரமாக இருந்தது. என் குரல் எவர் காதிலும் விழாது என்ற தைரியத்தில் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அந்தத் தபசு காலம் முழுக்க மூடவில்லை.

ஈஸ்டர் காலை கோவில் நிறைந்திருந்தது. பக்கவாசலில், வெறும் கூடையை வெளியே கவிழ்த்துவிட்டு அஞ்சலை அக்கா நின்றிருந்தார். "இன்னிக்கு எல்லாரும் கறிக்கடைக்குப் போயிட்டீங்க, எனக்கு என்னா வேல? அதான் வந்தேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். முன்வரிசையில் முசியேவின் குழு பாட்டுப் புத்தகத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தது. வானவர் கீதம் நன்றாகவே போனது. அல்லேலூயாவின் பாதியில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு செத்தது, மைக் செத்தது, ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன. எங்கள் வரிசையில் எல்லாரும் வாயடைத்துப்போனார்கள். முசியே புத்தகத்தைத் திறந்துகொண்டு எழுந்தார்.

சத்தியமாக நான் துணிந்து எதுவும் செய்யவில்லை. அந்த அமைதி எனக்கு அலை விழுந்ததுபோல்தான் இருந்தது. அடுத்த வரி வந்தது, விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். கோவிலுக்குள் ஒரே குரல் கேட்கிறதே, அது என்னுடையதுதான் என்று எனக்கு உறைப்பதற்குள் குழு முழுக்கச் சேர்ந்துகொண்டது. கடலோடு மல்லுக்கட்டிய தொண்டைகளுக்கு நாலு சுவர் எம்மாத்திரம்! மைக் இல்லாமலே கடைசித் தூண்வரைக்கும் போய்த் திரும்பியது சத்தம். ஜனங்களும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள். எழுந்த முசியே உட்காரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, எங்களுக்குக் கீழ்க்குரல் கொடுத்தார்.

பூசை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, தலையைக் குனிந்து, "மெர்சி, மத்மசேல்" என்றார். நன்றி, அம்மணி என்று அர்த்தம். என்னை அப்படி மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இளைஞர் பூசை என்று சாமியார் அங்கேயே அறிவித்தார். அஞ்சலை அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "மணல்ல கத்துனது வீண் போவல பாரு" என்றார்.

அந்த மணல் இப்போது இல்லை. கடல் அரித்துக்கொண்டு வந்து, கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். முசியே இல்லை, அஞ்சலை அக்காவும் இல்லை. முதல் ஞாயிறு மட்டும் இன்றுவரை இளைஞர்களுடையதுதான். போனில் இசையை ஓடவிட்டுப் பழகுகிற அந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் சுண்டலும் டீயும் கொண்டுபோகிறவள் நான். தபசு காலத்தில் எங்கே பழகுவது என்று கேட்டார்கள்; என் வீட்டு மொட்டைமாடியைக் காட்டினேன்.

அந்த ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. லூர்து அண்ணன் காலை ஷிப்டுக்குப் போனார். அஞ்சலை அக்கா வழக்கம்போல எங்கள் தெருவுக்கு வந்தார்; முந்தின நாள் கறி மீந்திருந்ததால் அம்மா மீன் வாங்கவில்லை.