நைனா வடிகட்டிய பால்

1. ஏழாம் மாதத்தில் அக்காவுக்கு இரத்த அழுத்தம் எகிறியது. அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றேகால் கிலோ.
2. பத்தாம் நாள் அக்கா மட்டும் திருத்தணி வீட்டுக்கு வந்தார். குழந்தை கண்ணாடிப் பெட்டியிலேயே இருந்தது.
3. அக்கா பீய்ச்சித் தந்த தாய்ப்பாலை எங்கள் தந்தை நைனா தினமும் ரயிலில் கொண்டுபோனார். அதைக் குழாய் வழியாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.
4. அதுவரை மெல்ல ஏறிவந்த எடை, ஒன்பது நாட்கள் அப்படியே நின்றது.
5. காரணம் நைனா. கண்டுபிடித்தவள் நான்.

இதை நைனாவின் முதலாண்டு நினைவு மலரில் எழுதலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எழுதச் சொன்னவர் நைனாதான்.

நைனா திருத்தணியில், மலையடிவாரத்தில் பிறந்தார். பத்து வயதில் தாயை இழந்தார். பதினாறு வயதில் தம் தந்தையின் பின்னால் மலையேறி, கோயில் மடப்பள்ளியில் அடுப்பு மூட்டத் தொடங்கினார். வாயில் துணி கட்டிக்கொண்டுதான் சமைப்பார். நைவேத்தியத்தை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பால் என்றால், ஈரத்துணியில் வடிகட்டாமல் எந்தப் பாத்திரத்திலும் ஊற்ற மாட்டார். முழங்கால் தேய்ந்த பிறகும் ஒரு நாள்கூட ஆட்டோவில் மலைக்குப் போகவில்லை.

நான் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவள். எடை நின்றபோது மருத்துவர்கள் பாலின் அளவைக் கூட்டினார்கள். அதில் கலக்கும் சத்துப்பொடியையும் கூட்டினார்கள். பலனில்லை. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. அக்காவின் மார்பிலிருந்து குழந்தையின் வயிறு வரை பால் கடக்கும் ஒவ்வொரு படியையும் எழுதினேன். எனக்குத் தெரியாத படி ஒன்றுதான்: காலையில் நைனா குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, வேறு பாட்டிலுக்கு மாற்றுவது. மறுநாள் விடிந்ததும் சமையலறை வாசலில் போய் நின்றேன். நைனா பாட்டிலின் வாயில் வெள்ளைத்துணியை விரித்துப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன நைனா பண்றீங்க?"

"வடிகட்டறன்மா. பாரு, மேல திட்டுத் திட்டா ஒட்டிக்கினு இருக்குது. அந்தத் துளியூண்டு வயித்துக்கு இதெல்லாம் செரிக்குமா?"

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேர்ந்துதான். வடிகட்டாத பால சாமிக்கே வெச்சதில்ல. பேத்திக்கு வெப்பனா?"

துணியில் மஞ்சளாகப் படிந்திருந்தது கொழுப்பு. குளிரில் வைத்த தாய்ப்பாலில் அது மேலே மிதக்கும். குறைமாதக் குழந்தை எடை ஏறுவதற்கும், அந்த வாரங்களில் வேகமாக வளரும் மூளைக்கும் அதுதான் வேண்டும். அதைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

நைனா துணியையே பார்த்தார். "ஒம்போது நாளும் தொவச்சிக் காயப்போட்டனேம்மா" என்றார்.

அன்று மருத்துவமனையில் அவரே செவிலியரிடம் போய்ச் சொன்னார். எனக்கு வேலை வைக்கவில்லை. அந்த அம்மா இரண்டு நிமிடம் திட்டிவிட்டு, "ஐயா, பொங்கல நீங்க பாத்துக்கங்க, பால நாங்க பாத்துக்கறோம். பீச்சின பாட்டில அப்படியே எடுத்தாங்க, கை வெக்காதீங்க" என்றார். கொடுக்கும் முன் பாட்டிலை மெல்லச் சுழற்றி, கொழுப்பைப் பாலோடு கலக்க வேண்டும் என்றும் காட்டினார்.

மூன்றாம் நாள் நைனா தொலைபேசியில் கத்தினார். "ஏறிச்சிம்மா! இருவது கிராம்!" பிறகு குரல் இறங்கியது. "மூளைக்கு ஒண்ணும் ஆவலியேன்னு கேட்டன். டாக்டரு இப்ப சொல்ல முடியாதுன்ட்டாரு."

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மலையிலிருந்து இறங்கியதும் கைகால் கழுவிக்கொண்டு, குழந்தையின் வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை கிலுகிலுப்பை ஆட்டுவார். திரும்புகிறதா என்று பார்ப்பார். திரும்பினாலும் நம்ப மாட்டார், மறுபடி ஆட்டுவார்.

"நைனா, இப்பதான் தூங்க வெச்சேன்" என்று அக்கா பல்லைக் கடிப்பார்.

"ஆங், ஒரே ஒரு வாட்டிம்மா."

குழந்தைக்கு எட்டு மாதமானபோது, ஒரு காலையில் நைனாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனை போகும் வழியிலேயே பிரிந்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தார்: "இத எங்கனா எழுதி வெச்சிடு. சிரிச்சா சிரிக்கட்டும். நம்ம ஆளுங்க பூராவும் பால வடிகட்டறவங்கதான்."

ஆகவே உறவினர்களே, இதை உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, ஆண்களுக்கும் சொல்லுங்கள்.

இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட மடப்பள்ளித் தோழர்களுக்கும், திட்டிவிட்டுக் கற்றுக்கொடுத்த அந்தச் செவிலியருக்கும், இரவுப்பணி முடித்து வந்தும் குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருந்த அக்காவின் கணவர் பாவாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்றைய நிலை: குழந்தைக்கு ஒரு வயது எட்டு மாதம். எடை, வளர்ச்சி அட்டையின் கீழ்க்கோட்டை ஒட்டி இருக்கிறது. தலைச் சுற்றளவு சரியாக இருக்கிறது. எதையும் பிடிக்காமல் நடக்கிறாள். மூன்று சொற்கள் பேசுகிறாள். அடுத்த பெரிய பரிசோதனைக்கு ஆறு மாதம் இருக்கிறது. நைனா கேட்ட கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை.