ஒச்சாயி உட்காரும் இடமே கிணறு

சாக்கை நான்காக மடித்துக் கிழக்குக் கோட்டோரமாகப் போட்டு, அதன்மேல் காலை நீட்டி அமர்ந்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளும்போதே ஒச்சாயி ஆட்டக்காரர்களை ஏசத் தொடங்கிவிடுவார். "எவன்டா அவன், வாய்க்காப் பக்கமே போயி நின்டுக்கிட்டு? கிணத்துப் பக்கம் தள்ளுடா! கிணத்துப் பக்கம் ஆளில்லாமக் கெடக்குடா!" மதுரைக்கு மேற்கே, கோச்சடையையும் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரியின் மைதானத்தில் கிணறு கிடையாது, வாய்க்காலும் கிடையாது. கல் உருளையால் அழுத்திச் சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண் ஹாக்கித் திடல் மட்டுமே உண்டு. ஆயினும் அடுத்த அடியில் பந்து கிணற்றுப் பக்கமே வரும்.

கல்லூரி வருவதற்கு முன்னர் அவ்விடம் ஒச்சாயியின் தகப்பனாருடைய நஞ்சை. விளையாட்டுத் திடலுக்கென அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டபோது கிழக்கே இருந்த கிணறு தூர்க்கப்பட்டது. மேற்கே ஓடிய வாய்க்கால் மண் போட்டு மூடப்பட்டது. இவை அனைத்தும் முறைப்படியே நடந்தன. ஒச்சாயியும் அதை மறுப்பதில்லை. "நெலத்தத்தான எடுத்தாக? பேரையுமா எடுத்தாக?" என்று மட்டும் கேட்பார். ஆகவே இன்றுவரை அவருக்குத் திடலின் கிழக்குப் பாதி கிணற்றுப் பக்கம், மேற்குப் பாதி வாய்க்கால் பக்கம், நடுவட்டம் நாற்றங்கால். கோல் எனப்படும் இரு முனைகளும் மடைகள்.

கல்லூரி முதல்வர் ஒருமுறை ஆளனுப்பி அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி வந்தது. ஒச்சாயி அதை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வயல்ல நான் நாக்காலி போட்டா ஒக்காருவேன்? விருந்தாளிக்குப் போடு" என்றார். அன்று முதல் அந்த நாற்காலியில் அவருடைய வெற்றிலைப் பையும் தண்ணீர்ச் செம்பும் இருக்கின்றன.

அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கலாம். பிறந்த ஆண்டு எந்தப் பதிவிலும் அகப்படவில்லை. "கம்மா ஒடஞ்ச வருசம்" என்கிறார். அக்கண்மாய் இருமுறை உடைந்திருக்கிறது. எந்த உடைப்பு என்று கேட்டால், "பெருசா ஒடஞ்சது" என்பார். மணமாகிச் சென்ற ஊரில் மூன்று அறுவடை பார்த்துவிட்டு, பெரியவர்கள் முன்னிலையில் உறவைத் தீர்த்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "ஒத்து வரல." நான்கு எருமைகள் வைத்திருக்கிறார். கல்லூரி விடுதிக்குப் பால் அவருடையதே. ஆட்டம் நடக்கும் மாலைகளில் விடுதிச் சமையற்காரர் காப்பிப் பாத்திரத்துடன் திடலுக்கே வந்து நிற்க வேண்டியிருக்கும். "பால் எங்கத்தா?" என்று அவர் கேட்டால், "எருமைக்கு இன்னும் ஆட்டம் முடியலண்ணே" என்பார்.

அவருடைய சொற்களால் ஒரு வழக்கும் எழுந்ததுண்டு. வெங்கட்ரமணன் என்று ஒரு மாணவர். ஆனையூரில் வீடு, தங்குவது விடுதியில், தந்தை வங்கி அதிகாரி. கோல் காப்பவராக முதன்முறை நின்ற அன்றே, கோட்டோரத்துப் பெண்மணி தம்மை ஆட்டம் முழுதும் 'மடையா, மடையா' என்று திட்டியதாக உடற்கல்வி ஆசிரியரிடம் முறையிட்டார். விசாரணை நடந்தது. ஒச்சாயி உண்மையிலேயே திகைத்துப் போனார். "நான் ஏன் சாமி ஒங்கள வையிறேன்? மடைய அடை, மடைய அடைன்னுதான கத்துனேன்! அம்புட்டுத் தண்ணியும் உள்ள போயிருச்சே, வயிறு எரியுமா எரியாதா?" அன்று வெங்கட்ரமணன் விட்ட கோல்கள் நான்கு. அவர் சிரித்துவிட்டார். பிற்பாடு சக மாணவர்கள் அவரை மடைக்காரர் என்றே அழைக்கலாயினர். விடுதியில் அவர் பெயருக்கு வரும் கடிதங்களைக்கூட, "மடைக்காரருக்கு லெட்டர்" என்று கூவியே கொடுக்கிறார்கள்.

குழுவின் தலைவர் மலையாண்டி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. ஒச்சாயியின் சொற்கள் எவ்வளவு பயனுடையன என்பதை அவரே முதலில் கண்டுகொண்டார். இடைவேளைக்குப் பின் அணிகள் முனை மாறுகையில் இடம் வலமாகும், வலம் இடமாகும். கிணறு மாறாது. மேலும், 'நாத்தங்காலுக்குத் திருப்பு' என்று கூவினால் எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. நாளடைவில் ஆட்டக்காரர்கள் தமக்குள்ளும் அதையே பேசத் தொடங்கினர். வெளியூர்த் திடல்களில்தான் சிக்கல் எழுந்தது. கிணறு எந்தப் பக்கம்? திருமங்கலத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு முன் மலையாண்டி இதைக் கேட்டபோது, அன்று உடன் வந்திருந்த ஒச்சாயி திடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஒரு புங்கமரத்தடியில் சாக்கைப் போட்டார். "நான் எங்க ஒக்காந்திருக்கேனோ அதான் கிணறு. போயி ஆடு."

அன்றிலிருந்து குழு எந்த ஊருக்குப் போனாலும் ஒச்சாயியும் போகலானார். மாட்டுத்தீவனமும் காய்கறியும் ஏற்றும், காளை என்பவருடைய வேனில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொள்வார்கள். முன் இருக்கை ஒச்சாயிக்கு. அக்கல்லூரியில் இவர்களில் ஒருவரும் படித்ததில்லை. இவர்களுடைய பிள்ளைகளும் படிக்கவில்லை. எனினும் "நம்ம காலேசு" என்றே அனைவரும் சொல்வர்.

சென்ற தை மாதக் கடைசியில் கோவில்பட்டியில் கல்லூரிகளுக்கிடையேயான ஹாக்கிப் போட்டி. முதன்முறையாக இக்கல்லூரி அரையிறுதிக்கு வந்திருந்தது. அரையிறுதி சனிக்கிழமை, வென்றால் ஞாயிறன்று இறுதி. கோவில்பட்டியில் குழந்தைகூட ஹாக்கி மட்டையை ஊன்றித்தான் நடை பழகும் என்று சொல்வார்கள். அந்த ஊர்க்கூட்டத்தின் கூச்சலுக்கு ஈடாகக் கத்த ஆள் வேண்டும் என்று மலையாண்டி வந்து சொல்லிவிட்டுப் போனார். புறப்படும்போது, "நீங்க வரலேன்னா எங்களுக்குக் கிணறே இல்ல அத்தை" என்றார்.

திட்டம் டீக்கடையில் தீர்மானமாயிற்று. சனிக்கிழமை காலை புறப்படுவது. இரவு அங்கே ஒரு சத்திரத்தில் தங்குவது. ஞாயிறு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு மறுநாள் திரும்புவது. கரிசல் காட்டுப் பனியைத் தாங்கக் கம்பளிகளும், தரையில் விரிக்க இரண்டு ஜமுக்காளங்களும் சேகரித்தாயிற்று.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய செவ்வாயன்று, அடுத்த செவ்வாய்க்கு அம்மன் பொங்கல் என்று ஊரில் சாட்டிவிட்டார்கள்.

சாட்டுதல் என்பது, இன்ன நாளில் பொங்கல் என்று கோயில் வாசலில் ஊர்கூடி அறிவிப்பது. சாட்டிய பின், பொங்கல் முடியும்வரை ஊரார் எவரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கலாகாது, வீட்டில் தாளிக்கலாகாது. பகலில் எங்கும் போகலாம். படுக்கை ஊருக்குள் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து பஸ்ஸில் மதுரை வந்து சேர்ந்தால் ஊருக்கு வரும் கடைசி பஸ் போயிருக்கும். வேனைப் பற்றிக் காளை சொன்னார்: "பகல்ல எங்க வேணாலும் போவும்க்கா. ராத்திரிக்கு அதுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வெளக்கும் அவுட்டு."

டீக்கடையில் ஒவ்வொருவராகத் தலை குனிந்தனர்.

"சாமி குத்தம் ஆயிரும்க்கா" என்றார் காளை.

"சாமி என்னைக்குடா ஹாக்கி பாக்கக் கூடாதுன்னுச்சு?"

"பாக்கலாம்க்கா. படுக்கத்தான் கூடாது."

"அப்பப் படுக்க வேணாம். ஒக்காந்திருப்போம். ஒங்களுக்கெல்லாம் சீட்டாட ஒரு ராத்திரி ஒக்காரத் தெரியும்ல?"

சிரிப்பு எழுந்தது. ஆயினும் கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது. காளையும் மீதி நால்வரும் ஒச்சாயியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு புளிச்சோறு கட்டித் தருவதாக ஏற்றிருந்தார். இப்போது அவரும் தயங்கினார். "தாளிக்கக் கூடாதே மதினி. தாளிக்காத புளிச்சோத்த மனுசன் திம்பானா?"

"சோத்த மட்டும் கெளறு. ஸ்டவ்வும் சட்டியும் நான் எடுத்துக்கிர்றேன். திருமங்கலம் தாண்டி ரோட்டோரம் நிப்பாட்டித் தாளிச்சுக்கிருவோம். கடுகுக்குத் தெரியுமா சாட்டு?"

இச்செய்தி விருமாண்டியை எட்டியது. விருமாண்டி ஒச்சாயியின் மூத்த சகோதரர். கோயிலுக்குப் பெரிய வீட்டுக்காரர், அதாவது கோயில் காரியங்களில் தலைமைக் குடும்பத்தவர். சாட்டுதலை அறிவித்தவரும் அவரே. அதிகம் பேசாத மனிதர். பொங்கலன்று கோயில் வாசலில் முதல் பானையை ஏற்றுவது அவ்வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. அவ்வீட்டில் பிறந்த பெண் ஒச்சாயி ஒருவர்தான். அவர் பானை பொங்கிய பிறகே ஊரில் வேறு எவரும் அடுப்பு மூட்டலாம். ஒச்சாயி புருசனிடமிருந்து திரும்பி வந்த ஆண்டில், தீர்த்துவிட்டு வந்தவள் முதல் பானை வைக்கலாமா என்று சிலர் முணுமுணுத்தனர். அவ்வாண்டு அவர் வைத்தார். அதன் பின் ஓர் ஆண்டும் தவறியதில்லை. நிலம் போயிற்று, மணவாழ்வு போயிற்று, அப்பானை போகவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை விருமாண்டி மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஒச்சாயி எருமையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார், எழவில்லை.

"கோவில்பட்டி போறியாம்ல?"

"போறேன்."

"ராத் தங்குவியாம்ல?"

"தங்குவேன்."

"சாட்டுன ஊருல பெரிய வீட்டுப் பொண்ணே எல்லை தாண்டிப் படுத்தா, நாளைக்கு நான் எவனக் கேக்க முடியும்?"

"எவனையும் கேக்காத. நிம்மதியா இரு."

விருமாண்டி கொட்டகைக் கம்பத்தில் கையை ஊன்றினார். பிறகு, "மொதப் பானைய வேற ஆளுக்கு மாத்த வேண்டி வரும் தாயி" என்றார். மிரட்டலாக அல்ல, உள்ள நிலையைச் சொல்பவர் போலவே சொன்னார் என்று அருகில் நின்ற தங்கப்பொண்ணு கூறுகிறார்.

ஒச்சாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அண்ணே, நெலத்த எடுத்தப்ப ஊரே கூடிப் பெருமூச்சு விட்டீக. ஒருத்தனும் அங்கிட்டு எட்டிப் பாக்கல. நான்தான் போயி ஒக்காந்தேன். இன்னைக்கு அந்தப் பயலுக நம்ம கிணத்தையும் வாய்க்காலையும் சொல்லித்தான் ஆடுறாய்ங்க. கோவில்பட்டியில போயி, அம்புட்டுச் சனத்துக்கு மத்தியில, அவய்ங்க கிணத்தக் காணாம முழிக்கணுமா? நான் போவேன். வந்து பானையும் வைப்பேன். எவ வந்து என் அடுப்புக் கல்லுல பானைய வைக்கிறாள்னு நானும் பாக்குறேன்."

விருமாண்டி திரும்பி நடந்தார்.

சனிக்கிழமை காலைப் பனியில் வேன் உறுமிக்கொண்டு புறப்பட்டது. பின்னால் நால்வர் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தனர். சோற்றுச் சட்டி, ஸ்டவ், சாக்கு எல்லாம் ஏறியிருந்தன. ஊர் எல்லைக் கல்லருகே, பாதை நடுவில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு விருமாண்டி நின்றிருந்தார். காளை பிரேக்கை மிதித்தார். ஒச்சாயி இறங்கினார்.

"பாதைய விடு."

"பகல்ல போயிட்டுப் பொழுதுக்குள்ள வந்துரு. நான் மறிக்கல."

"ரெண்டு நாள் ஆட்டம்ணே."

"அப்பப் போகாத."

காளை ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஒச்சாயி இடுப்பில் கையை ஊன்றி அண்ணனை ஒரு கணம் பார்த்தார்.

"போன ஆனியில நம்ம பங்காளிக போடியில கோயில் கட்டணும்னு வந்தாகள்ல? என்ன குடுத்தனுப்புன?"

"பிடிமண்ணு."

பிழைக்கப் போன ஊரில் குலசாமிக்குக் கோயில் எழுப்ப விரும்புவோர், மூலக்கோயிலில் ஒரு பிடி மண் வாங்கிச் செல்வது இப்பகுதி வழக்கம். அம்மண்ணை வைத்த இடத்தில் அதே சாமி குடிகொள்வதாகக் கொள்வர்.

"இப்பப் போடியில இருக்கிறது நம்ம சாமியா, வேற எதுவுமா?"

"நம்ம சாமிதான்."

"ஒரு பிடி மண்ணுல சாமியே அம்புட்டுத் தூரம் போயி இருந்துக்கிருமாம். அதே ஊரு மண்ண விரிச்சு அதுமேல நான் ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி படுத்தா, ஊரு எல்லைக்குள்ள படுத்ததாகாதா?"

விருமாண்டி தலைத்துண்டை இறுக்கினார். "அது எடுத்துக் குடுக்கிறவுக குடுத்தாத்தான் பிடிமண்ணு" என்றார்.

"எடுத்துக் குடுக்கிறவுக யாரு? நீதான? குடு."

அவர் குனியவில்லை. கைகளைக் கட்டியவாறே நின்றார். வேன் நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து எவரோ இருமினர்.

ஒச்சாயி சேலையைச் சொருகிக்கொண்டு அண்ணனுக்கு எதிரே குத்தவைத்தார். எருமையின் கால் நகர வேண்டுமாயின் எப்படித் தட்டுவாரோ, அப்படியே அவருடைய வலது கணுக்காலைப் புறங்கையால் தட்டினார்.

"கால எடுண்ணே."

விருமாண்டி காலை எடுத்தார். அந்தக் கால் பதிந்திருந்த தடத்திலிருந்தே ஒச்சாயி ஒரு பிடி மண்ணை அள்ளி, கல்லையும் துரும்பையும் அவசரமின்றிப் பொறுக்கிப் போட்டுவிட்டு, முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டார். அவர் எழுந்து வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தும்வரை, விருமாண்டி தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.