எண்ணெய்க் கையோடு சடுகுடு

மூன்றாம் வகுப்பில் என்னைச் சடுகுடு அணியில் சேர்த்ததற்குத் திறமை காரணமல்ல. ஏழு பேர் வேண்டியிருந்தது, ஆறு பேர்தான் இருந்தார்கள். ட்ரில் சார் வகுப்பு வாசலில் நின்று கண்ணை ஓட்டியபோது மற்றவர்கள் எல்லாரும் தரையில் விழுந்த பல்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் பல்பம் என் கையிலேயே இருந்தது. அந்த மாதிரி ஒழுங்கு பிற்காலத்திலும் எனக்கு நல்லது செய்ததில்லை.

எதிராளிகளைக் கண்டு பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பயம் வீட்டில், தறிக்குழியில் உட்கார்ந்திருந்தது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஊடு நூல் கொண்டு ஓடும் நாடாவைத் தள்ள இரண்டாவது ஆள் வேண்டும். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டாவது ஆள் நான். உள்ளங்கையில் கடுகளவு சிராய்ப்பு இருந்தால் போதும், பட்டு இழை அதில் மாட்டிப் பிசிறு கிளப்பும். அதனால் அப்பாவின் உத்தரவு ஒன்றே ஒன்று: "விழற ஆட்டம் எதுவும் ஆடாத." சடுகுடுவில் விழுவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நான் வீட்டில் சொல்லவில்லை.

ஆகவே விழாமல் சடுகுடு ஆடுவது எப்படி என்று ஒரு முறையை நானே கண்டுபிடித்தேன். ஆறு பேருக்கும் பின்னால், இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்பது.

"இன்னாடா, குளுருதா?" என்பான் கேப்டன். ஐந்தாம் வகுப்பு, மீசை மட்டும்தான் இல்லை. "கைய வெளிய எடுத்து எவனையாவது புடிடா!"

ஓரிக்கை ஊர்ப் பையன்களோடு ஆடிய முதல் ஆட்டத்தில் தப்பித்தேன். முசரவாக்கத்தோடு ஆடியபோது, சடுகுடு பாடி வந்தவனிடம் நானே போய் முதுகைக் காட்டினேன். தொட்டுவிட்டுப் போனான், நிம்மதியாக வெளியே உட்கார்ந்தேன். கேப்டன் இதைக் கவனித்துவிட்டான்.

"மாகறல் ஆட்டத்துல நீதான் மொதல்ல பாடிப் போவணும். போவல, உங்கப்பாகிட்ட வந்து சொல்லிடுவேன்."

என்ன சொல்லுவான் என்று அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது.

மார்கழியில் கை வெடித்தால் அம்மா தேங்காயெண்ணெய் தடவுவாள். தோல் மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்ற தோல் சிராய்க்காது என்று எட்டு வயது மூளை கணக்குப் போட்டது. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுமுன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எண்ணெயில் குளிப்பாட்டினேன்.

ஆட்டம் அறுப்பு முடிந்த ஒரு கழனியில். நெல் தாள்கள் ஊசி ஊசியாக நின்றன. நடுக்கோட்டைத் தாண்டினேன். "சடுகுடு சடுகுடு" என்று வாயிலிருந்து வந்தது ஆட்டுக்குட்டியின் குரல். ஏர் பிடித்த கை ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்தது. வழுக்கியது. இன்னொன்று பிடித்தது. அதுவும் வழுக்கியது. திரும்பி ஓடி வந்துவிட்டேன். இரண்டு பேர் அவுட்! எங்கள் பையன்கள் என்னைத் தூக்கினார்கள். என் விளையாட்டு வாழ்க்கையின் உச்சம் அரை நிமிடம் நீடித்தது.

மாகறல் பையன் தன் கையை மோந்து பார்த்தான். "சார்! எண்ண தடவிக்கினு வந்துக்கிறான் சார்! வெலாங்கு மீன் மாதிரி வழுக்குறான்!"

நடுவர் அவர்கள் பள்ளி வாத்தியார். என் கையை மோந்தார். "யார்டா சொல்லிக் குடுத்தது இந்தத் திருட்டு வேலைய?"

"கை கெட்டுடும்னு தடவினேன் சார்."

கழனியே சிரித்தது. அவுட் இரண்டும் ரத்து. "மண்ண அள்ளி ரெண்டு கையிலயும் தேய்." பூப்போலத் தேய்த்தேன். அவருக்குத் திருப்தியில்லை, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் அவரே தேய்த்தார். மறுபடி பாடிப் போகச் சொன்னார். போனேன். பிடித்தார்கள். தாள் மேல் குப்புற, இரண்டு உள்ளங்கையும் ஊன்றி விழுந்தேன். மேலே நான்கு பேர் இருந்தார்கள். மூச்சு முட்டியது, நான் நினைத்ததெல்லாம் நாளைக் காலையைத்தான்.

காலை வந்தது. முதல் நாடா சரியாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ஒரு இழை என் கையோடு எழுந்து வந்தது. அப்பாவின் கால் மிதிக்கட்டையில் நின்றுவிட்டது.

"காட்டு."

காட்டினேன். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"எங்க விழுந்த?"

எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெய் உட்பட. அதுவரை சும்மா இருந்த அப்பாவின் முகம் எண்ணெயில்தான் மாறியது. "எண்ணக் கையோட நாடாவத் தொட்டியா?"

"இல்லப்பா. சீயக்கா போட்டுக் கழுவிட்டேன்பா."

இரண்டு கையையும் மோந்தார். அந்த இரண்டு நாளில் என் எண்ணெயைத் தேடி மோந்தவர்கள் மூன்று பேர். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்கார வைத்தார். "தோல் ஆறுறவரைக்கும் தறிகிட்ட வராத."

அடி விழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வாரம், அவர் துண்டை எடுக்கக் கை தூக்கினால்கூட நான் குனிந்தேன். ஒரு நாள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"அடுத்த ஆட்டம் எப்போ?"

"ஆட்டத்துலேர்ந்து நின்னுட்டேன்பா."

"எப்போன்னு கேட்டேன்."

"சனிக்கிழமை."

"பாடிப் போவாத. பின்னால நில்லு."

இதை அப்படியே கேப்டனிடம் சொன்னேன். அவன் மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டான்.

"கேட்டீங்களாடா? இவங்கப்பா இவனைப் பின்னால நிக்கச் சொல்லிட்டாராம். அப்ப அவரையே கூட்டிக்கினு வாடா, அவரு பாடட்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா தறியை விட்டு எழுந்து வந்தாலும் வரக்கூடியவர் என்று அப்போதுதான் தோன்றியது. சனிக்கிழமை ஆட்டம் முழுவதும் நான் எதிரணியைப் பார்க்கவே இல்லை. சாலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.