சீராக வந்த பெட்டி

கூடப் பொறந்த அண்ணனை மரியாதையா 'அவரு'ன்னுதான் சொல்லணும்னு எங்க அம்மா சின்ன வயசுலயே வாயில போட்டு வளர்த்தாங்க. கல்யாணம் ஆகிற வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன். தலைப்பொங்கலுக்கு அப்புறம் அந்த மரியாதை என் வாயில வரல. இதைப் படிக்கிற எங்க சொந்தக்காரங்க யாராவது மூஞ்சியைத் தூக்கினா தூக்கட்டும். நான் அவன்னுதான் எழுதப் போறேன்.

ஆரணியில எங்க வீட்டுல ரெண்டு தறி. அப்பா போன பிறகு ஒண்ணுல அண்ணன் நெய்தான், இன்னொண்ணு சும்மா கிடந்துச்சு. நானும் அம்மாவும் பின்கட்டுல பட்டுப் புடவை வைக்கிற அட்டைப் பெட்டி ஒட்டுவோம். வெட்டறது, மடிக்கறது, ஒட்டறது எல்லாம் என் கை. புளியங்கொட்டைப் பசையும் நான்தான் காச்சுவேன், பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டு. கடைங்களுக்கு எடுத்துக்கினு போய்க் குடுத்துட்டு வர்றது மட்டும் அண்ணன் வேலை. வயசுப் பொண்ணு கடைத்தெருவுல பெட்டி தூக்கிக்கினு போனா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களாம்.

எண்பதுகளோட ஆரம்பம். ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கு பார்க்க வர்ற ஆடிட்டர் எங்க புடவைப் பெட்டியைத் தட்டிப் பாத்துட்டு அண்ணன்கிட்ட ஒரு விஷயம் கேட்டாராம். அவரு மெட்ராஸ்லேர்ந்து புதுசா ஒரு இரும்பு பீரோ வரவழைச்சிருக்காரு, அதுல ஃபைலெல்லாம் கொடியில காயப்போட்ட துணி மாதிரி தொங்குது. பீரோ ரொம்பிப் போச்சு. பழைய வருஷத்து ஃபைலைக் கீழ அடுக்கினா கரையான் திங்குது, வேணும்ங்கறப்ப எடுக்க முடியல. அப்படியே தொங்கற மாதிரி அட்டையில ஒரு பெட்டி செஞ்சு தர முடியுமான்னு கேட்டிருக்காரு. அண்ணன் அந்த ஃபைல் ஒண்ணை வாங்கிக்கினு வந்து என் மடியில போட்டான்.

"இன்னாம்மே, ஆவுமா? இரும்பு தாங்கற வேலையை அட்டை தாங்குமா? எனுக்கு ஒண்ணும் வெளங்கல."

கெட்டி அட்டையில மடிச்ச ஃபைல். வாய்ப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் தகடுக் கம்பி, கம்பியோட ரெண்டு முனையிலயும் கொக்கி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏண்ணா, தலைக்கு மேல தினம் தொங்குதே, பாக்கலியா நீங்க?"ன்னேன்.

தறிக்கு மேல ஜக்கார்டு இருக்குமில்ல, அதைச் சொன்னேன். பார்டர் டிசைனுக்காக ஓட்டை குத்தின அட்டைங்களைக் கயித்துல கோத்து மாலையாட்டம் விட்டிருப்பாங்க. நடுநடுவுல ஒரு கம்பி குறுக்க போகும். கம்பியோட ரெண்டு முனையும் ரெண்டு பக்கச் சட்டத்து மேல உக்காந்துக்கும், அட்டையெல்லாம் நடுவுல மடிஞ்சு மடிஞ்சு தொங்கும். ஃபைலும் அதே ஜாதிதான். எனக்கு வேண்டியதெல்லாம் அட்டையிலயே ரெண்டு சட்டம்.

சொல்றதுக்குச் சுளுவா இருக்கு. முதல் பெட்டி மானத்தை வாங்கிருச்சு. பழைய பேப்பரை ஃபைல்ல திணிச்சுத் தொங்கவிட்டேன், ரெண்டு நாள்ல கொக்கி அட்டை விளிம்பைப் பல்லால கடிச்ச மாதிரி வெட்டிருச்சு. அடுத்த பெட்டிக்கு விளிம்பு மேல காடாத்துணி ஒட்டினேன். விளிம்பு நின்னுச்சு, ஆனா பக்கத்துச் சுவரு ரெண்டும் பாரம் தாங்காம உள்ள சாஞ்சு, எல்லா ஃபைலும் தொபுக்குன்னு அடியில. அம்மா சிரிச்சாங்க. "பட்டுப் பொடவைக்குக்கூட இவ்ளோ ஆராய்ச்சி பண்ணலடி நீ"ன்னாங்க.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. சுவரை ரெண்டு மடங்கு உசரமா வெட்டி, மேல் விளிம்புல மடிச்சு, உள்பக்கமா அடி வரைக்கும் கொண்டுவந்து ஒட்டினேன். மடிப்புக்குள்ள நீளமா ஒரு மூங்கில் பட்டையைப் படுக்க வெச்சேன். இப்ப கொக்கி உக்கார்றது அட்டை மேல இல்ல, மூங்கில் மேல. சுவரு உள்ள சாயாம இருக்க நடுவுல குறுக்கா பாதி உசரத்துக்கு ஒரு தடுப்பு. கை விட்டுத் தூக்கற ஓட்டையைச் சரியா மூங்கிலுக்குக் கீழ வெட்டினேன், தூக்கும்போது பாரம் பட்டை மேல விழும், அட்டை கிழியாது. மூடியை ஆழமா வெச்சேன், பெட்டி மேல பெட்டி அடுக்கினா உள்ள இருக்கிற ஃபைல் நசுங்காது. கடைசியா அந்தப் பெட்டி மேல நானே ஏறி உக்காந்தேன். அண்ணன் கையைத் தட்டினான். அம்மா, "எறங்குடி, ஒடைஞ்சு தொலையப் போவுது"ன்னு கத்தினாங்க. ஒடையல.

ஆடிட்டருக்குப் புடிச்சுப் போச்சு. அவரைப் பாத்து வக்கீல் ஆபீஸ், பேங்குன்னு கேட்டாங்க. நான் கெட்டி அட்டையில ஒரு அளவு அட்டை வெட்டி வெச்சேன், அதை வெச்சு வரைஞ்சா எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி வரும். கத்தி பட்டு ஓரம் தேயாம இருக்க அதுக்கு வார்னிஷ் அடிச்சேன். ஆடிட்டரை நான் கண்ணால பாத்தது இல்ல. அண்ணன் வந்து சொல்றதுதான் எனக்குச் சேதி. "இன்னா சொன்னாரு, இன்னா சொன்னாரு"ன்னு வாசப்படியிலயே புடிச்சுக்குவேன். "பேஷா கீதுன்னாரு"ம்பான். அது போதும் எனக்கு, அன்னிக்குச் சோறே வேணாம்.

அப்புறம் பெரணமல்லூர்லேர்ந்து வரன் வந்துச்சு. அவங்களும் நெசவுதான், ஒரே தறி. எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. கட்டிக் குடுக்கிற பொண்ணுக்கு நகை, பாத்திரத்தோட சேத்து, பொறந்த வீட்டு டிசைன் ஒண்ணையும் சீரா குடுப்பாங்க, ஜக்கார்டு அட்டைக் கட்டோட. குடுத்துட்டா அது அவளுது. அண்ணன் தம்பிங்க அந்த டிசைனைத் தங்களோட தறியில மறுபடி ஏத்தக்கூடாது. எங்க அத்தையைக் கட்டிக் குடுத்தப்ப அவங்க கூட ஒரு மாங்கா பார்டர் சந்தவாசலுக்குப் போச்சு. வியாபாரி வந்து கெஞ்சினப்பகூட எங்க அப்பா சாகிற வரைக்கும் அதை நெய்யல. "அது என் தங்கச்சி வயிறு, அதுல நான் கை வெக்க மாட்டேன்"னாரு.

எனக்குப் பார்டர் வேணாம்னேன். அந்தப் பெட்டிதான் வேணும்னேன்.

அம்மா முழிச்சாங்க. அண்ணன் மட்டும், "அவ பெத்த கொழந்தை, அவ கூடத்தான் போவணும்"னான். கல்யாணத்துல சொந்தக்காரங்க அவ்ளோ பேர் எதுர்ல, அண்ணி பக்கத்துல நிக்க, தட்டுல வெத்தலை பாக்கு மஞ்சள் வெச்சு, மேல அந்த அளவு அட்டையை வெச்சு என் கையில குடுத்தான். குடுக்கும்போது கண்ணு கலங்கினான் பாவி. நானும் அழுதேன். அந்த அட்டை எனக்கு எதுக்குச் சொல்லுங்க? கண்ணை மூடிக்கினே வெட்டுவேன் அந்தப் பெட்டியை. அட்டையைக் குடுத்தா, இனிமே நான் இதைச் செய்ய மாட்டேன், வர்ற ஆர்டர் எல்லாம் உனக்குத்தான்னு அர்த்தம். எங்க தெருவுல அதுக்கு வேற அர்த்தமே கிடையாது.

புகுந்த வீட்டுல நான் தலை நிமிர்ந்து நிக்கறதுக்கு அந்தப் பெட்டியைத்தான் நம்பியிருந்தேன். மாமியார் வாய் கொஞ்சம் நீளம். "தறியில ஒக்காரத் தெரியாத மருமவளை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது"ன்னு முதல் வாரமே ஆரம்பிச்சாங்க. "எனக்குன்னு ஒரு தொழில் இருக்குங்க அத்தை. ஆரணி ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வரும், பாருங்க"ன்னு பெருமையா சொன்னேன். எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். சைக்கிள்ல அட்டைக் கட்டு கொண்டாந்து தறிக்கூடத்து மூலையில அடுக்கினாரு. நான் மாதிரிக்கு ஒரு பெட்டி செஞ்சு, மினுமினுன்னு காகிதம் ஒட்டி, நடுவீட்டுல வெச்சேன்.

ஆர்டர் வரல. அண்ணன் ஒருதரம் வந்தப்பக் கேட்டேன். "அய்யோ, அதை ஏன் கேக்கற? எல்லாரும் இரும்பு பீரோவுக்கே போய்ட்டாங்க. அட்டைப் பொட்டிய எவன் சீந்தறான் இப்ப?"ன்னு உதட்டைப் பிதுக்கினான். எங்க வீட்டுக்காரர், "நானே ஆரணி போய் ஆடிட்டரைப் பாத்துட்டு வரட்டுமா?"ன்னு கேட்டாரு. நான் விடல. "எங்கண்ணன் இருக்கிறப்ப நீங்க போனா அவருக்குக் கேவலம்"னேன். மடச்சி!

மாமியார் தினம் ஒரு பாட்டு. "உன் ஆர்டர் இன்னா, ஏரோப்ளேன்ல வருதா? எறங்க எடம் கெடைக்கலியா?" பெருக்கும்போதெல்லாம் அந்த அட்டைக் கட்டை விளக்குமாத்தால ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவாங்க. எனக்கு நெஞ்சுல விழும் அது.

தலைதீபாவளிக்கு ஆரணி போனோம். பின்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்துச்சு. "சுண்ணாம்பு அடிச்சு ஈரமா கீதும்மே, உள்ள போவாத"ன்னான் அண்ணன். சரின்னு வந்துட்டேன். அம்மா அன்னிக்கு என் மூஞ்சியைப் பாத்துப் பேசவே இல்ல. புள்ளையைப் பிரிஞ்ச ஏக்கம்னு நெனைச்சுக்கினேன். சுண்ணாம்பு வாசனையே இல்லையேன்னு எனக்குத் தோணினது தை மாசம்தான்.

தலைப்பொங்கலுக்கு முந்தின நாள் சீர் வந்துச்சு. அண்ணன் வரல, அண்ணியோட தம்பிகிட்டக் குடுத்தனுப்பியிருந்தான். பஸ்ஸை விட்டு எறங்கி, கரும்பை ஒரு கையிலயும், தோள் மேல ஒரு பெரிய பெட்டியையும் தூக்கிக்கினு வந்தாரு அவரு. "அக்கா, சீர் வாங்கிக்கங்க"ன்னு நடுவீட்டுல எறக்கினாரு. நான் செஞ்சு வெச்சிருந்த பெட்டி பக்கத்துலயே எறக்கினாரு.

ரெண்டும் ஒரே பெட்டி.

மூடியைத் தொறந்தேன். பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, வேட்டி, புடவை. எல்லாத்தையும் எடுத்துக் கீழ வெச்சுட்டு உள்ள கையை விட்டுத் தடவினேன். உள்பக்கம் மடிஞ்சு வந்த சுவரு. மடிப்புக்குள்ள மூங்கில் பட்டை. அதுக்குக் கீழ கை ஓட்டை. பழைய பெட்டியா இருக்கும், கல்யாணத்துக்கு முந்தி நானே செஞ்சதா இருக்கும்னு மனசு அப்பக்கூட அவனுக்காக வாதாடுச்சு. மோந்து பாத்தேன். புளியங்கொட்டைப் பசை. மூலையில இன்னும் பிசுக்குன்னு ஒட்டுச்சு. ரெண்டு நாள் கூட ஆவல அதை ஒட்டி.

மடிப்பு ஒரு நூல் பிசகியிருந்துச்சு. மூடி இழுத்துக்கினு கோணலா உக்காந்துச்சு. என் கை வேலை இல்ல அது.

"இது எங்க கெடைச்சுச்சு?"ன்னு கேட்டேன். அந்தப் புள்ளை வெள்ளந்தி. "நம்ம பின்கட்டுலதாங்க்கா. நெறைய அடுக்கி வெச்சிருக்காரே மாமா. கலசப்பாக்கத்துலேர்ந்துகூட ஆபீஸ்காரங்க வந்து எடுத்துக்கினு போறாங்க. அரிசி பாரத்துக்கு வேற எதுவும் தாங்காது, இதுல போட்டுக்கினு ஜல்தியா பஸ் புடின்னாரு"ன்னு சொன்னாரு.

தாங்குச்சு, தாங்காம என்ன? அவ்ளோ அரிசியையும் வெல்லத்தையும் தாங்கியும் அடி வாய் பிளக்கல. என் பெட்டியாச்சே! பெருமையும் வயித்தெரிச்சலும் ஒண்ணா வந்தா மனுஷி என்ன பண்ணுவா? தட்டுல மஞ்சள் வெச்சுக் குடுக்கிறதுக்கு முன்னாடியே அந்த அளவு அட்டையை வெச்சு இன்னொண்ணு வரைஞ்சு வெட்டி வெச்சுக்கினவன், குடுக்கும்போது எதுக்கு அழுதான்? எனக்குச் சீர் அனுப்பறப்பகூட இதுல அனுப்பக்கூடாதுன்னு அவனுக்குத் தோணல பாருங்க. மறைக்கணும்னு நெனைச்சிருந்தாகூட என்னைக் கொஞ்சம் மதிச்சான்னு அர்த்தம். அந்தக் கொஞ்சம்கூட இல்ல.

மாமியார் ரெண்டு பெட்டியையும் மாறி மாறிப் பாத்தாங்க. அன்னிக்குப் பெருக்கும்போது என் அட்டைக் கட்டை விளக்குமாத்தால தட்டாம சுத்திப் பெருக்கிட்டுப் போனாங்க. அவங்க நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சீர் வந்த பெட்டியை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது. அனுப்பல நான். வெத்தலை பாக்கு மஞ்சள் வெச்சு, பெட்டி அடியில என் அளவு அட்டையை வெச்சு மூடினேன். சீரா குடுத்த டிசைன் பொறந்த வீட்டுக்குத் திரும்பிப் போச்சுன்னா எங்க தெருவுல அதுக்கும் ஒரே அர்த்தம்தான். உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இதைப் பாத்தா நாக்கைப் புடுங்கிக்கினு சாவான், அடுத்த பஸ்ஸுல ஓடி வருவான், வாசல்ல நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கணும்னு எல்லாக் கேள்வியையும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன்.

அவன் வரல. மாசியில தாலிக் கயிறு மாத்திக் கட்டறதுக்குள்ள அண்ணியோட தம்பி ஏதோ வேலையா எங்க ஊர்ப் பக்கம் வந்தாரு. வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டல, சிரிச்சுக்கினே சொன்னாரு.

"அக்கா, அட்டை வந்து சேர்ந்துச்சுன்னு மாமா சொல்லச் சொன்னாரு. ரொம்ப சந்தோஷமாம். அங்க இருந்த அட்டை ஓரமெல்லாம் தேஞ்சு ஒரே பேஜாரா இருந்துச்சாம். உங்களுது வார்னிஷ் அடிச்சதாமே, இன்னும் பல வருஷம் ஒழைக்குமாம். நல்ல நேரத்துல அனுப்பிச்சா என் தங்கச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறாரு."

சூடு சொரணை இருக்கிறவனுக்குத்தானே உறைக்கும். நான் அவருக்குக் காபி போட்டுக் குடுத்து அனுப்பினேன்.

அடுத்த வருஷப் பொங்கலுக்கும் சீர் வந்துச்சு, புதுப் பெட்டியில. மூடியை எடுத்து வெச்சுப் பாத்தேன், மறுபடி எடுத்து வெச்சுப் பாத்தேன். மடிப்பு ஒரு நூல்கூடப் பிசகல.